ஸ்டீவி ரே வானின் 1980 ஆஸ்டின் மேடைப் பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஒரு சிடியைப் பற்றி நான் எங்கே வாயைத் திறந்தாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இதைக் காட்டிவிட்டு நான் போய் காபி குடிக்கலாம்.

எந்தப் பதிவைப் பற்றிய பேச்சு இது?

'இன் த பிகினிங்'. டெக்ஸஸ் மாநிலத்து ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை மரபு) கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வான், 1980 ஏப்ரல் 1 அன்று ஆஸ்டின் நகரின் ஆறாவது தெருவில் இருந்த ஸ்டீம்போட் 1874 என்ற கிளப்பில் வாசித்தது. மேடையில் மூன்றே பேர்: ஸ்டீவி, பேஸ் கிதாரில் ஜாக்கி நியூஹவுஸ், ட்ரம்ஸில் கிறிஸ் லேட்டன். கேஎல்பிஜே எஃப்எம் வானொலி அதை நேரலையாக ஒலிபரப்பியது. (கேஎல்பிஜேவில் வரும் எல்பிஜே, லிண்டன் பி. ஜான்சனின் முதலெழுத்துகள்தான். அந்த ஜனாதிபதியின் குடும்பம் நடத்திய நிலையம் அது.) இசைத்தட்டாக எபிக் நிறுவனம் வெளியிட்டது 1992 அக்டோபரில். ஒன்பது உருப்படிகள், சுமார் முக்கால் மணி நேரம்.

பெயரைத் தமிழில் 'வான்' என்று எழுதினால் ஆகாயம் மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். உச்சரிப்பு அப்படித்தான், நான் என்ன செய்ய.

உங்களுக்கு இது எப்படிக் கிடைத்தது?

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா மகன் கொடுத்தது. அவன் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தான், பெட்டியின் ஒரு ஓரம் உடைந்திருந்தது. அதுவரை நான் ஸ்டீவியின் ஸ்டுடியோ இசைத்தட்டுகளை மட்டும் கேட்டு, எல்லாம் தெரியும் என்று திரிந்துகொண்டிருந்தேன். 'ஆரம்பத்தில்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, ஏதோ சின்னப் பையனாக இருந்தபோது தட்டுத் தடுமாறி வாசித்ததைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் போல, சும்மா ஒரு தடவை கேட்டு வைப்போம் என்று இரவு பத்தரைக்குப் போட்டேன். மூன்று தடவை முழுதாக ஓடிய பிறகுதான் படுத்தேன், மறுநாள் அலுவலகத்தில் என் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது அவர் சின்னப் பையன் இல்லையா?

இல்லை, அங்கேதான் தலைப்பு ஏமாற்றுகிறது. அவர் பிறந்தது 1954 அக்டோபர் 3, டாலஸில். இந்தக் கச்சேரியின்போது வயது 25. ஏழு வயதில் ஒரு பொம்மைக் கிதாரில் தொடங்கியவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 17 வயதில் ஆஸ்டினுக்கு வந்தவர், அங்கே கிளப் கிளப்பாக வருஷக்கணக்கில் வாசித்தவர். ஆக, நாம் கேட்பது முழுசாகக் கை வந்த ஒரு ஆளை. ஆரம்பம் என்பது இசைத்தட்டுக் கம்பெனியின் கணக்கு. அவர்களுக்கு அவர் முதல் இசைத்தட்டு வந்த 1983இல்தான் பிறந்தார்.

1980இல் அவரை யாருக்காவது தெரியுமா?

ஆஸ்டினில் தெரியும், டெக்ஸஸின் வேறு சில ஊர்களில் தெரியும், அதற்கு மேல் பெரிதாக இல்லை. இன்னும் சொல்லப்போனால் அந்த ஊரிலேயே அவருடைய அண்ணன் ஜிம்மி வானுக்குத்தான் மவுசு அதிகம். ஜிம்மியின் ஃபேபுலஸ் தண்டர்பேர்ட்ஸ் குழு 1979இலேயே முதல் இசைத்தட்டைக் கொண்டுவந்துவிட்டது. தம்பி இன்னும் கிளப்பில்.

ஆனால் அந்த ஊர் சும்மா ஊர் இல்லை. 1975இல் கிளிஃபர்ட் ஆன்டோன் அங்கே ஆன்டோன்ஸ் என்ற ப்ளூஸ் கிளப்பைத் திறந்தார், சிகாகோவின் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அங்கே வந்து வாசித்தார்கள். ஸ்டீவி மாதிரி பையன்களுக்கு இசைத்தட்டில் கேட்ட விரல்களைப் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு. இந்தப் பதிவில் இருக்கும் தெம்புக்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

குழு விஷயத்திலும் அது ஒரு திருப்பமான நேரம். முன்னால் ட்ரிபிள் த்ரெட் ரெவ்யூ என்று நாலைந்து பேர் சேர்ந்த குழுவில் இருந்தார், அப்புறம் அது டபுள் ட்ரபிள் ஆனது. பாடகி லூ ஆன் பார்ட்டன் 1979 கடைசியில் விலகிவிட்டார். அதற்கப்புறம் பாடுவதும் ஸ்டீவிதான், வாசிப்பதும் ஸ்டீவிதான். ஏப்ரல் 1 என்றால் அந்த ஏற்பாடு தொடங்கி சில மாதங்கள்தான். சாய்ந்துகொள்ளத் தோள் இல்லாத ஒரு ஆள் எப்படி வாசிப்பாரோ அப்படி வாசிக்கிறார், இடைவெளி விட்டால் யாராவது எழுந்து போய்விடுவார்களோ என்பது போல.

நேரலையில் போனது இசைத்தட்டாக வர ஏன் 12 வருஷம்?

1980இல் அவருக்கு இசைத்தட்டு ஒப்பந்தமே கிடையாது. ஊர் எஃப்எம்மில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி போன நிகழ்ச்சி, அவ்வளவுதான். நம் ஊரில் வானொலிக் கச்சேரி நாடாக்கள் வித்வான் காலமாகி வெகுநாள் கழித்துக் குறுந்தகடாக வருமே, அதே கதை.

1983இல் 'டெக்ஸஸ் ஃப்ளட்' வந்து பெயர் எடுத்தார். அதற்கப்புறம் புதுசு புதுசாக வந்துகொண்டிருக்கும்போது பழைய நாடாவை யார் தேடுவார்கள்? 1990 ஆகஸ்ட் 26 இரவு, விஸ்கான்சினில் ஆல்பைன் வேலி அரங்கில் கிதார் கலைஞர்கள் எரிக் கிளாப்டன், படி கை, ராபர்ட் க்ரே, அண்ணன் ஜிம்மி எல்லோருடனும் ஒரே மேடையில் வாசித்துவிட்டு, பின்னிரவில் பனிமூட்டத்தில் கிளம்பிய ஹெலிகாப்டர் பக்கத்துக் குன்றில் மோதியது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். வயது 35. மறு வருஷம் ஸ்டுடியோவில் மிச்சமிருந்தவற்றை ஜிம்மி தொகுத்து 'த ஸ்கை இஸ் க்ரையிங்' வந்தது, அதற்கடுத்த வருஷம் இது.

ஒலித்தரம் எப்படி? இரைச்சலாக இருக்குமா?

வானொலி நிலையமே எடுத்தது என்பதால் யாரோ கூட்டத்தில் சட்டைக்குள் ஒளித்துவைத்து எடுத்த பதிவு மாதிரி இருக்காது. கிதார் சுத்தமாகக் கேட்கும், ட்ரம்ஸும் பரவாயில்லை. பேஸ் கொஞ்சம் பின்வாங்கியே இருக்கும். குரல் மெலிசு. ஸ்டுடியோ பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். ஒலிபரப்பில் போனது போனதுதான், அப்புறம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போட வழியில்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

என்னென்ன வாசிக்கிறார்?

தொடக்கம் 'இன் த ஓப்பன்'. ஃப்ரெடி கிங்கின் பாடல் வரியில்லாத உருப்படி. ஃப்ரெடி கிங்கும் டெக்ஸஸ்காரர், 1976இல் டாலஸில் காலமானவர். வேகமான ஷஃபிள் நடை. ஷஃபிள் என்றால் ஒவ்வொரு அடியையும் சரிபாதியாக வெட்டாமல் முதல் பாதியை நீட்டி, இரண்டாவதைக் குறுக்கி நொண்டியடித்து நடப்பது. இதைச் சரியாக வாசிக்கிறவர்கள் குறைவு, ஸ்டீவிக்கு அது மூச்சு விடுவது மாதிரி. சோலோ (தனி வாசிப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கம்பிகளில் அந்த நடையைத் தானே போட்டுக்கொண்டு போகிறார், இன்னொரு கிதார்காரர் இருப்பது போல ஒரு பிரமை.

இரண்டாவது 'ஸ்லைட் திங்'. விரலில் குழாயை மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது. ஸ்டீவி இப்படி வாசித்து ஒலிப்பதிவானது மிகக் குறைவு, சேகரிப்பவர்கள் இதற்காகவே வாங்குவார்கள். எனக்கு? சுமார்தான். மற்றவர்கள் வாசித்திருந்தால் பாராட்டியிருப்பேன்.

அப்புறம் 'தே கால் மீ கிதார் ஹரிகேன்'. என்னைக் கிதார்ப் புயல் என்பார்கள் என்று தலைப்பிலேயே தற்பெருமை. ப்ளூஸில் இது ஒரு மரபு, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்காவதில்தான் எனக்கு உயிர் போய் வந்தது. ஓட்டிஸ் ரஷ்ஷின் 'ஆல் யுவர் லவ் (ஐ மிஸ் லவிங்)'. ரஷ் சிகாகோவின் மேற்குப் பக்கத்து ஆள், இடதுகைக்காரர். கம்பிகளைத் தலைகீழாக வைத்துக்கொண்டே வாசித்தவர். டபுள் ட்ரபிள் என்ற பெயரே அவருடைய இன்னொரு பாட்டிலிருந்து எடுத்ததுதான். பாட்டு மைனர் என்ற சோகமான ஸ்வர வரிசையில், ஒரு மாதிரி லத்தீன் தாளத்தில் ஊர்ந்து வரும், நடுவில் திடீரென்று கதவைத் திறந்த மாதிரி ஷஃபிளுக்குத் தாவும். அந்தத் தாவலை ஸ்டீவி எப்படி எடுக்கிறார் என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குதிக்கிறார்கள், ஒருவர்கூட எட்டிப் பார்த்துவிட்டுக் குதிக்கவில்லை. குருவின் பாட்டை வாசிக்கிறோம் என்ற பயம் கொஞ்சம்கூட இல்லை. அந்த இடத்தை மட்டும் அன்றிரவு எட்டு தடவை திருப்பிப் போட்டேன்.

பிறகு 'டின் பேன் ஆலி', 'லவ் ஸ்ட்ரக் பேபி', 'டெல் மீ', 'ஷேக் ஃபார் மீ', கடைசியாக 'லிவ் அனதர் டே'. 'டெல் மீ', 'ஷேக் ஃபார் மீ' இரண்டும் சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃப் பாடியவை.

ஸ்டுடியோ பதிப்புகளோடு ஒப்பிட்டால்?

இதுதான் விஷயமே. மூன்று பாட்டுகள் பின்னால் ஸ்டுடியோ இசைத்தட்டுகளிலும் வருகின்றன. 'லவ் ஸ்ட்ரக் பேபி'யும் 'டெல் மீ'யும் 'டெக்ஸஸ் ஃப்ளட்'டில். 'டின் பேன் ஆலி' 1984இன் 'குடன்ட் ஸ்டாண்ட் த வெதர்' இசைத்தட்டில்.

'டின் பேன் ஆலி'யை மட்டும் எடுத்துக்கொள்வோம். மிக மெதுவான மைனர் ப்ளூஸ், அபாயமான ஒரு தெருவைப் பற்றிய பாட்டு. 1984 பதிப்பு ஒன்பது நிமிஷத்துக்கும் மேல் போகிறது. அதில் ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு அவர் சும்மா இருப்பார். நீங்கள் அடுத்ததற்காகக் காத்திருப்பீர்கள், வராது, ட்ரம்ஸின் சிம்பல் மட்டும் டிக் டிக் என்று போய்க்கொண்டிருக்கும், அப்புறம் கிசுகிசு மாதிரி இரண்டு ஸ்வரம். 1980 பதிப்பில் அதே சொற்றொடர்கள், அதே விரல்கள், அநேகமாக அதே யோசனைகள். ஆனால் அந்தக் காத்திருப்பு மட்டும் குறைவு. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியம் வந்து இடிக்கிறது. கையில் இருந்தது 1980இலேயே முழுசாக இருந்திருக்கிறது. நடுவில் நாலு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது சும்மா இருப்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. வேறு யாராவது வேறு மாதிரி சொல்லலாம், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

'லவ் ஸ்ட்ரக் பேபி' நேர்மாறு. மனைவி லென்னிக்காக எழுதிய துள்ளல் பாட்டு, 1979 டிசம்பரில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. இதற்கு அவசரம் பொருந்துகிறது. ஸ்டுடியோ பதிப்பு ஒழுங்காக இருக்கிறது, இது புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது.

பேஸ் டாமி ஷானன் இல்லையா?

இல்லை. எல்லோரும் டாமியோடு சேர்த்துத்தான் டபுள் ட்ரபிளை நினைக்கிறார்கள், ஆனால் டாமி சேர்ந்தது 1981 ஜனவரியில். முன்னால் டெக்ஸஸ் கிதார்காரர் ஜானி வின்டருடன் வாசித்தவர், ஸ்டீவியை 14 வயதுப் பையனாக டாலஸில் ஒரு கிளப்பில் பார்த்துத் தெரிந்தவர். இந்தப் பதிவில் ஜாக்கி நியூஹவுஸ்.

பாவம், இந்த மனுஷனை யாரும் கண்டுகொள்வதே இல்லை. டாமி தரையை அதிரவைப்பார், ஜாக்கி வழிவிட்டு நடப்பார். கேட்கிறவர்களுக்கு டாமி வந்த பிறகு குழுவின் ஒலி பெரிதாகிறது என்பது உண்மைதான். ஆனால் ஜாக்கியின் நடை லேசாக இருப்பதால்தான் இந்தக் கச்சேரி இவ்வளவு வேகமாக ஓட முடிகிறது. ஹெட்போனில் இடது கை விரலால் மேஜையில் தட்டிக்கொண்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை கேளுங்கள், தெரியும்.

அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? கிதாரா, ஆம்பிளிஃபயரா, கையா?

கை. இப்படிச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது, ஏனென்றால் கையை வாங்க முடியாது.

சாமான்கள் விவரம் வேண்டுமென்றால்: 'நம்பர் ஒன்' என்று அவர் அழைத்த அடிவாங்கிய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஆஸ்டினில் ரே ஹென்னிக் என்பவரின் கடையில் 1970களின் நடுவில் வாங்கியது. கம்பிகள்தான் பேச்சுக்குரியவை. எலெக்ட்ரிக் கிதாரில் மேல்ஸ்தாயிக்குரிய மெல்லிய கம்பி வழக்கமாக ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 அல்லது 10 பங்கு தடிமன் இருக்கும், அவர் பெயர் பெற்றது 13க்கு. அதை வளைப்பது கிட்டத்தட்ட வேலிக் கம்பியை வளைப்பது போல. அதனால்தான் கிதாரை முழுசாக அரை ஸ்வரம் கீழே இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டார், கம்பி கொஞ்சம் தளரும், குரலுக்கும் வசதி. அப்படியும் விரல் நுனித் தோல் கிழிந்துவிடும், சூப்பர்குளூ வைத்து ஒட்டிக்கொண்டு வாசித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். நான் 13ஆம் நம்பர் கம்பி போட்டு இரண்டு வாரம் ஓட்டினேன், மூன்றாவது வாரம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கழற்றிவிட்டேன்.

ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பாட்டு ஏதாவது உண்டா?

இந்த இசைத்தட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் 'ஹெண்ட்ரிக்ஸின் நகல்' என்று சொல்கிறவர்களிடம் முதலில் இதைக் கொடுப்பேன்.

அப்போ மற்றவர்களின் நகலா? பாதிக்கு மேல் அடுத்தவர் பாட்டுதானே?

பாட்டு அடுத்தவருடையதுதான், ப்ளூஸே அப்படித்தான் நடக்கிறது. ஒரு கீர்த்தனையை யார் பாடினாலும் அது அவருடைய பாட்டு இல்லை என்று நாம் புகார் சொல்கிறோமா? எங்கே இழுத்தார், எங்கே விட்டார், எதைச் சொல்லாமல் போனார் என்றுதானே பார்ப்போம். அதே அளவுகோல் இங்கேயும். சில இடங்களில் மூத்த ப்ளூஸ் கிதார்காரர் ஆல்பர்ட் கிங்கின் சொற்றொடர்கள் அப்படியே வந்து விழுகின்றன, அதை மறைக்க அவரும் முயலவில்லை. ஆனால் வேகமும் அடியின் கனமும் இவருடையவை.

பாட்டு எப்படிப் பாடுகிறார்?

25 வயதில் 60 வயதுக்காரர் குரலில் பாட முயற்சி செய்கிறார். சில இடத்தில் ஒத்துப்போகிறது, சில இடத்தில் சிரிப்பு வருகிறது.

ப்ளூஸே கேட்டதில்லை. இதிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். 'டெக்ஸஸ் ஃப்ளட்'டில் தொடங்குங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் பாடகர் ஜாக்சன் ப்ரௌனின் ஸ்டுடியோவில், அவர் இலவசமாகக் கொடுத்த மூன்று நாளில், 1982 நவம்பரில் எடுத்தது. மூன்று பேரும் ஒரே அறையில் கச்சேரி மாதிரி வாசித்திருக்கிறார்கள். அதை ஒரு மாதம் கேட்டுக் காதில் ஏற்றிக்கொண்டு அப்புறம் இதற்கு வந்தால்தான் எது மாறியிருக்கிறது என்று பிடிபடும். நேராக இதற்கு வந்தால், யாரோ ரொம்ப வேகமாக வாசிக்கிறார் என்பதோடு நின்றுவிடும்.

இதற்கப்புறம் எந்த மேடைப் பதிவு?

மாண்ட்ரூ, 1982 ஜூலை 17. சுவிட்சர்லாந்தின் ஜாஸ் விழா. இசைத்தட்டே இல்லாத குழு அங்கே போய் சத்தமாக வாசிக்க, கூட்டத்தில் ஒரு பகுதியினர் ஊளையிட்டார்கள். அந்தச் சத்தம் பதிவில் அப்படியே இருக்கிறது, கேட்கும்போது வயிற்றைப் பிசையும். ஆனால் அந்தப் பயணத்தில்தான் ராக் பாடகர் டேவிட் போவியும் ஜாக்சன் ப்ரௌனும் அவருக்கு அறிமுகமானார்கள். ஸ்டீவி கிதார் வாசித்த போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' இசைத்தட்டு, ப்ரௌனின் ஸ்டுடியோ, இரண்டும் அங்கிருந்துதான் வந்தன. 2001இல் இது முழுசாக வெளிவந்தது. 1980, 1982, 'டெக்ஸஸ் ஃப்ளட்' என்று வரிசையாகக் கேட்டால் ஒரு ஆள் வளர்வதைக் காதாலேயே பார்த்துவிடலாம்.

அவர் உயிரோடு இருந்தபோதே வந்த மேடைப் பதிவு 1986இன் 'லைவ் அலைவ்'. உடம்பும் மனசும் கெட்டுப்போயிருந்த வருஷம் அது, பின்னால் ஸ்டுடியோவில் நிறையத் திருத்தினார்கள். அவசரமாகத் தேட வேண்டாம்.

கிதார் பழகுகிறேன். இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

சோலோக்களை விடுங்கள். 'இன் த ஓப்பன்' தொடக்கத்தில் வலது கையை மட்டும் கவனியுங்கள். மணிக்கட்டு ஒரு கணம்கூட நிற்பதில்லை, கம்பியில் படாத நேரத்திலும் காற்றில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறது. வேண்டாத கம்பிகளை இடது கை அமுக்கி அடக்கிவிடுகிறது. அதனால் 'சக்' என்ற அந்த வெற்று ஓசை ஒவ்வொரு அடியிலும் விழுகிறது. மெட்ரோனோமை (டிக் டிக் என்று தாளம் காட்டும் கருவி) பாதி வேகத்தில் வைத்து அதை மட்டும் பத்து நிமிஷம் போடுங்கள். தோள் வலிக்கும், வலித்தால் தப்பாகச் செய்கிறீர்கள், மணிக்கட்டைத் தளர்த்துங்கள்.

மாமா மகன் கொடுத்த அந்தச் சிடி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 'ஷேக் ஃபார் மீ' நடுவில் ஒரு கீறல், சரியாக சோலோ ஏறும் இடத்தில் இரண்டு அடி தாண்டிக் குதிக்கும். இப்போதெல்லாம் போனில்தான் கேட்கிறேன், அதில் அந்த இரண்டு அடியும் ஒழுங்காக வருகின்றன. வரும்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாக வாசித்துவிட்டார் என்று தோன்றுகிறது.